பட்டம் பார்த்து நாற்று விற்கும் கடை

காரைக்குடி வட்டாரத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு நாற்றும் விதையும் வாங்க நான் சொல்லும் இடம், குன்றக்குடி போகிற பக்கம் ஒரு பெரிய புளியமரத்தடியில் இருக்கிற நாற்றுக்கடை. வேறு கடைகள் பெரிதாக இருக்கின்றன, அங்கே செடி வகையும் அதிகம். ஆனால் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்காத கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்தந்தப் பட்டத்தில், அதாவது விதைக்கிற பருவத்தில், நம் மண்ணில் எது வருமோ அதை மட்டும்தான் நாற்றாக வைத்திருப்பார்கள். சித்திரையில் போய்க் காலிபிளவர் கேட்டால் இல்லை. ஐப்பசி அடைமழையில் தக்காளி கேட்டால் இல்லை. "கார்த்திகை பத்து தேதிக்கு மேல வாங்க ஆச்சி, நல்ல நாற்றா எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நான் பள்ளத்தூர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்மண் நிலம், உள்ளே முற்றம், மேலே மொட்டைமாடி என்று மூன்று இடத்திலும் செடி வைத்திருக்கிறேன். சில வருடங்களாகவே நாற்று இந்தக் கடையில்தான் வாங்குகிறேன். அதனால் எது நன்றாக இருக்கும், எதை வாங்கக் கூடாது என்று இரண்டையும் சொல்ல முடியும்.

கடைக்கு போர்டு கிடையாது. பச்சை நிழல்வலை போட்ட பந்தல் ஒன்று, மழைக்குப் பாலித்தீன் கூரை போட்ட கொட்டகை ஒன்று, முன்னால் ஒரு மேசை. பெரியவர் ஒருவரும் அவருடைய மருமகளும் நடத்துகிறார்கள். மேசைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று சாய்த்து வைத்திருக்கும். அதில் இடப்பக்கம் 'இப்போ உண்டு', வலப்பக்கம் 'இப்போ வேண்டாம்'. இந்தப் புரட்டாசியில் நான் போனபோது இடப்பக்கம் கத்தரி, மிளகாய், சுண்டைக்காய், செண்டுப்பூ என்று இருந்தது. வலப்பக்கம் தக்காளி, அதற்கு நேரே கார்த்திகை. காலிபிளவர், ஐப்பசி கடைசி. கொத்தமல்லி, கார்த்திகை. வெள்ளரி, தை. கடைசி வரியில் பட்டாணி என்று எழுதி, மாதத்துக்குப் பதிலாக 'நம்ம ஊருக்கு இல்லை' என்று போட்டிருந்தார்கள்.

அந்த வலப்பக்கத்துக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். விற்கிறவர் ஒருவர் தன் கடையில் எதை வாங்க வேண்டாம் என்று எழுதி வைப்பது வாங்குகிறவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது, ஒரு கோடையில் பூவாகக் கொட்டும் தக்காளிச் செடியை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியவர்களுக்குத் தெரியும்.

என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவள் வீட்டு பால்கனியில் பட்டாணி, லெட்யூஸ், காரட் எல்லாம் தொட்டியில் வருகிறது. "ஆத்தா, இங்கே எப்பப் போட்டாலும் முளைக்குது" என்பாள். அவள் சொல்வது அவள் ஊருக்குச் சரி. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கெல்லாம் இதமான குளிர் உயரத்தால் வருகிறது, வருடத்தில் பாதிக்கு மேல் தங்குகிறது. விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் 'வருடம் முழுவதும் விதைக்கலாம்' என்ற வரி அந்த மாதிரி ஊர்களை நினைத்து எழுதியது. நமக்கு இதம் மாதக்கணக்கில்தான் வருகிறது. ஐப்பசி மழை நின்று பூமி குளிர்ந்த பிறகு, கார்த்திகை நடுவிலிருந்து மாசி நடு வரைக்கும். அந்த மூன்று மாதத்துக்குள் பூத்துக் காய்க்கிற மாதிரி நாற்றை எப்போது நடுவது என்பதுதான் செட்டிநாட்டுத் தோட்டத்தின் கணக்கு முழுவதும். கரும்பலகை அந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறது.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நின்றாலும் தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக இருக்காது. செடி தளதளவென்று நிற்கும், பூவும் வரும், காம்போடு கொட்டிவிடும். உரம் போட்டாலும் மருந்து அடித்தாலும் அது நிற்காது. நம் ஊரில் மார்கழி, தை இரவுகளில்தான் 20 டிகிரி பக்கம் இறங்குகிறது. அப்படியென்றால் பூ அந்த மாதங்களில் வர வேண்டும், அதற்கு நாற்று கார்த்திகையில் மண்ணில் இருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே நட்டால் அடைமழையில் வேர் அழுகும். இந்தக் கடையில் பெரும்பாலும் பெரியகுளத்து பி.கே.எம் 1 ரகம் கொடுக்கிறார்கள். தட்டையான உருண்டைப் பழம், தோளில் பச்சை படர்ந்திருக்கும், நல்ல புளிப்பு. கடையில் கிடைக்கும் கெட்டித் தோல் தக்காளி மாதிரி பல நாள் தாங்காது, ஆனால் ரசத்துக்கும் குழம்புக்கும் இதுதான் சரி. தையில் ஒரு செடியிலிருந்து வீட்டுக்குப் போதுமான அளவு பறிக்கிறேன்.

காலிபிளவர் விஷயத்தில் பெரியவர் இன்னும் கண்டிப்பு. குளிருக்கான ரகத்தைச் சமவெளியில் நட்டால் இலையாக வளர்ந்துகொண்டே போகும், பூ கட்டாது. வெப்பம் தாங்குகிற ரகம் தனியாக இருக்கிறது, அதைத்தான் எடுத்து வளர்க்கிறார். அடுத்தது நாற்றின் வயது. நான்கு வாரத்துக்கு மேல் குழித்தட்டிலேயே நின்றுவிட்ட காலிபிளவர் நாற்றை நட்டால் பூ பொத்தான் அளவில் கட்டி அதோடு நின்றுவிடும். பல கடைகளில் விற்காமல் நிற்கும் நாற்றைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருப்பார்கள். பார்க்க உயரமாக இருப்பதால் நாமும் நல்ல நாற்று என்று எடுத்துவிடுவோம். இங்கே வயது தாண்டிய தட்டை அப்படியே உரக்குழியில் தட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் 98 நாற்று. மருமகள் அதைத் தட்டும்போது எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. "வித்துட்டா நாளைக்கு நீங்கதானே வந்து கேப்பீங்க ஆச்சி" என்றாள்.

அவரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பந்தல் அவரையை நாம் ஆடியில் போடுவோம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி முழுவதும் கொடி மட்டும் ஓடும். பந்தல் நிறைந்து வழியும், ஒரு பூ இருக்காது. புதிதாக வைத்தவர்கள் இது மலட்டுக் கொடி என்று வெட்டிவிடுவதும் உண்டு. நாட்டு அவரை பகலின் நீளத்தைப் பார்க்கிற செடி. பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கும் நேரம் வந்தது என்று தெரியும். அதனால் ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் பூ என்னவோ கார்த்திகை கடைசியில்தான். முன்னால் போட்டால் கொடி பெரிதாகி அதிகம் காய்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மொச்சையும் அதே குணம், அதனால்தான் பச்சை மொச்சை பொங்கலை ஒட்டி வருகிறது. பகல் நீளத்தைப் பார்க்காத குத்து அவரை ரகங்கள் இப்போது இருக்கின்றன, எல்லா மாதமும் காய்க்கும். கடையில் இரண்டும் உண்டு, எது எது என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். நான் ஒரு ஆடியில் கொடி அவரை வாங்கியபோது பெரியவர், "மார்கழி வரைக்கும் இதைத் திரும்பிப் பார்க்காதீங்க. உரம் மட்டும் அள்ளிக் கொட்டிடாதீங்க, அப்புறம் இலையாவே போகும்" என்றார். அப்படியே விட்டேன். மார்கழிக் காலையில் பனி சொட்டச் சொட்ட ஊதாப் பூங்கொத்து நிமிர்ந்து நின்றது, தையில் இளங்குழம்புக்கும் பொரியலுக்கும் பறித்து மாளவில்லை.

அந்தப் பூங்கொத்தோடு கூடவே வருவது அசுவினிப் பூச்சி. குளிரும் பனியும் சேர்ந்தால் கறுப்பு கறுப்பாகக் காம்பை மூடிவிடும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாயங்காலம் கடை கட்டிய பிறகு மருமகள் குரல்பதிவில் பதில் சொல்கிறாள். மருந்துப் பெயர் எதுவும் முதலில் வராது. விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, விடியற்காலையில் பனி காய்வதற்கு முன் தூவச் சொன்னாள். ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், வெயில் ஏறியதும் பூச்சி உதிர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால்தான் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். விற்றுவிட்டு மறந்துபோகாமல் இப்படிப் பதில் சொல்வதற்கு அவர்கள் காசு எதுவும் கேட்பதில்லை.

நாற்றின் தரம் பற்றி. தட்டிலிருந்து அந்தப் பெண் நாற்றை எடுக்கும் விதத்தைப் பாருங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே மாட்டாள். குழியின் அடியை விரலால் மேலே தள்ளுவாள், நாற்று மண்கட்டியோடு கழன்று வரும். கட்டியைச் சுற்றி வெள்ளை வேர் சன்ன நூலாக வலை போட்டிருக்கும். வேர் பழுப்பாகவோ, அடியில் சுருண்டு சுருண்டு கிடந்தாலோ அந்த நாற்றை ஒதுக்கிவிடுவாள். அப்புறம் கழுத்து, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடம். அங்கே நீர் கோத்த மாதிரி மங்கலாக இருந்தால் நாற்றழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், இரண்டு நாளில் சாய்ந்துவிடும். மழை மாதத்தில் இந்த நோய்தான் நாற்றங்கால்களைக் காலி செய்யும். இங்கே பாலித்தீன் கூரை இருப்பதாலும், விதையைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவில் நேர்த்தி செய்து போடுவதாலும் நான் வாங்கியதில் அழுகல் கண்டது மிகவும் குறைவு.

விற்பதற்கு ஒரு வாரம் முன்பே தட்டை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தித் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் நாற்று குட்டையாக, இலை கொஞ்சம் கரும்பச்சையாக, தண்டு கெட்டியாக இருக்கும். வேறு கடையின் இளம்பச்சை நாற்று இதைவிட அழகாகத் தெரியும். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து நட்ட மறுநாள் வெயிலில் எது நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நாற்றாகக் கொடுக்கவே கூடாதது என்று ஒரு பட்டியலும் அவர்களிடம் இருக்கிறது. முள்ளங்கி, காரட், கொத்தமல்லி, வெந்தயம், கீரை. வேர்க்காய்களைப் பிடுங்கி நட்டால் வேர் கவைத்துப் போகும், இதற்கெல்லாம் விதைதான். கொத்தமல்லியைக் கார்த்திகையில் விதைக்கச் சொல்வதற்குக் காரணம், வெயிலில் அது இலை பரப்புவதற்குள் பூவெடுத்துவிடும். விதை வாங்கியபோது பெரியவர் ஒரு பலகையில் துணியை விரித்து, விதையைப் பரப்பி, இன்னொரு பலகையால் மெதுவாக அழுத்தித் தேய்த்தார். உருண்டை ஒவ்வொன்றும் சரிபாதியாகப் பிளந்தது. ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது, உடைக்காமல் போட்டால் முளைப்பது தாமதமாகும், பாதி முளைக்காமலும் போகும். ஒரு இரவு ஊற வைத்து விதைத்தால் பத்து நாள் பக்கத்தில் முளைக்கும். அதுவரை பொறுமையாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். முள்ளங்கி அப்படியில்லை, நாலைந்து நாளில் முளைத்து 45 நாளில் பிடுங்கிவிடலாம். காரட் நம் மண்ணில் விரல் அளவுக்குத்தான் வரும் என்று விற்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். செம்புறாங்கல் கலந்த மண்ணில் அதற்கு மேல் எதிர்பார்க்க வழியில்லை.

மிளகாயில் முண்டு நாற்று கொண்டுவருகிறார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அது மழையை நம்பி விளைகிற செடி, புரட்டாசியில் மண்ணில் இருக்க வேண்டும். எனக்கு நாலு செடி போதும். காய்ந்த முண்டை எண்ணெயில் போட்டால் வரும் மணத்துக்கு நீட்டு மிளகாய் ஈடாகாது. கத்தரியில் பாலூர் 1 வாங்குங்கள். சின்னதாக, பளபளவென்று ஊதாவாக இருக்கும், கோசமல்லிக்கு நன்றாகக் குழையும். கத்தரிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, உடனே கிள்ளி எரித்துவிட வேண்டும் என்பதையும் நாற்றோடு சேர்த்தே சொல்லி அனுப்புகிறார்கள்.

அடுத்தது, வீட்டுக்கு வந்து பார்க்கிற சேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் வருகிறார், பெட்ரோல் செலவு கொடுத்தால் போதும். எங்கள் வீட்டு முற்றத்தைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, வீடு எந்தத் திசை பார்த்தது என்பதுதான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். தெற்குப் பக்கத்துக் கூரையின் நிழல் முற்றத்தில் பாதியை மூடும், வடக்குத் தாழ்வாரத்தை ஒட்டித்தான் வெயில் விழும். ஆனியில் நேர்மாறு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 10 டிகிரிதான் வடக்கே இருப்பதால் உச்சிப்பொழுதுச் சூரியன் நமக்கும் வடக்கே போய்விடுகிறது. ஆகவே குளிர்காலத் தொட்டிகளை வடக்கு ஓரத்தில் வைத்துவிட்டு, பங்குனியில் இடம் மாற்றச் சொன்னார். ஓட்டுக்கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் முற்றத்தில் கொட்டும் இடத்துக்கு நேர்கீழே ஐப்பசியில் ஒரு தொட்டியும் வைக்கக் கூடாது, மண்ணே தெறித்துப் போய்விடும் என்றார். முற்றத்தோடு கட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்த யோசனை எந்தப் பாக்கெட்டிலும் அச்சில் வராது.

மாடிக்கு ஏறிப் பார்த்தவர், பழைய சுண்ணாம்புத் தளத்தில் செடிப் பைகளை நடுவில் பரப்பக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். கீழே சுவர் ஓடுகிற வரிசையை ஒட்டி, செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். பைக்கு அடியில் காற்றுப் போக வேண்டும், ஈரம் தங்கினால் தளம் ஊறும். இடம் நிறைய இருந்தும் பாதிப் பைகளைத்தான் வைக்கச் சொன்னார். அவருக்கு அதில் விற்பனை நஷ்டம்தான், இருந்தாலும் நூறு வருடத் தளத்தைப் பற்றி அவருக்கு இருந்த கவலை எனக்குப் பெரிதாகப் பட்டது.

இனி குறைகள். முதலாவது, மண்கலவை. மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள், அதை வாங்க வேண்டாம். அதில் தேங்காய் நார்க்கழிவு அதிகம், அது கழுவப்படாதது. முதல் தண்ணீர் ஊற்றியதும் பைக்கடியில் காப்பி நிறத்தில் வடிந்தது, நாற்றின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. கழுவாத, மட்காத நார்க்கழிவில் உப்பு இருக்கும், மட்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும். சொன்னேன், வாங்கி விற்கிற சரக்கு என்றார்கள். நாற்றில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் இதை இப்படி விடக்கூடாது. நீங்களே கலந்துகொள்வது நல்லது. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டர் பக்கம் வரும், வடியும் தண்ணீர் தெளியும் வரை அலசிப் பிழிந்து எடுங்கள். பின்கட்டுச் செம்மண், நன்றாக மட்கிய சாண எரு, அலசிய நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, இரண்டு கை வேப்பம்பிண்ணாக்கு. அரிசி கழுவின தண்ணீரில் மண்டி சமைக்கப் போக மீதியை நான் செடிக்குத்தான் ஊற்றுகிறேன்.

இரண்டாவது, பச்சைப் பைகள். மெலிசாக இருக்கின்றன, ஒரு கோடை வெயில் பட்டால் மடிப்பில் பொடியாக உதிர்கிறது. விலை கொஞ்சம் கூடினாலும் தடித்த பையாக வேறு இடத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் மண்தொட்டி.

ரோஜாவும் வேண்டாம். வெளியூரிலிருந்து களிமண் உருண்டையில் வருகிற செடி, வரும்போது பூத்துக் குலுங்கும், இங்கே வெயில் ஏறியதும் ஒவ்வொரு கிளையாகக் காயும். அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊற வைத்துக் கரைத்துவிட்டு நட்டால் சிலது பிழைக்கும். கரும்பலகையில் பட்டாணிக்கு எழுதியதை இதற்கும் எழுதலாம் என்பது என் எண்ணம்.

விதைப் பொட்டலங்களில் எடுத்த தேதி இருப்பதில்லை. காகிதத்தில் மடித்துப் பெயர் மட்டும் எழுதித் தருகிறார்கள். கேட்டால் வாயால் சொல்கிறார்கள், உண்மையாகத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் வெங்காய விதை மாதிரி ஒரு வருடத்தில் முளைப்பு விழுந்துவிடுகிற விதைகளுக்குத் தேதி எழுதியே தீர வேண்டும். சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், குறைந்தது ஏழு முளைக்க வேண்டும்.

மதியம் கடை மூடியிருக்கும். கார்த்திகையில் கூட்டம் தாங்காது, தக்காளி காலையிலேயே தீர்ந்துவிடும். போனில் சொன்னால் எடுத்து வைப்பார்கள், ஆனால் இரண்டு நாளுக்கு மேல் வைக்க மாட்டார்கள்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று ஒன்று 2 ரூபாய், காலிபிளவர் 3 ரூபாய். அவரை, புடலை, பீர்க்கு சின்னப் பையில் 15 ரூபாய். நாலு நாற்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். வீட்டுத்தோட்டக்காரருக்கு இதுதான் முக்கியம், ஒரு குடும்பத்துக்கு 98 கத்தரி எதற்கு?

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்துவிட்டு ஆசையாக நாற்று வாங்கிப் போகிறவர்கள் நிறைய. அப்படி வருகிறவர்களிடம் மருமகள் முதலில் கேட்பது, "தண்ணி ஊத்த ஆள் இருக்கா?" இல்லையென்றால் காய்கறி நாற்று கொடுப்பதில்லை. முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, பிரண்டை என்று எடுத்துக் கொடுத்து, மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறாள். வடகிழக்குப் பருவமழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். நம் மாவட்டத்துக்கு வருடத்தில் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் ஏறக்குறைய பாதி அந்தப் பருவமழையின் மூன்று மாதத்தில் விழுகிறது. முருங்கை மட்டும் தண்ணீர் தேங்காத மேட்டில் இருக்க வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற என் சொந்தக்காரர்கள் சிலர் இப்படி வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலை இப்போது தெருவுக்கே உதவுகிறது.

போவதென்றால் காலை எட்டு மணிக்குள் போங்கள். நாற்றை நிற்க வைத்துக் கொண்டுவர ஒரு அட்டைப்பெட்டியும் ஈரச்சாக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் தருகிற பாலித்தீன் பையில் படுத்துக் கசங்கிவிடுகிறது. உங்கள் இடத்தில் வெயில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை விழுகிறது என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொண்டு போனால் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். சாயங்காலம் நடுங்கள், நட்ட கையோடு தண்ணீர் விடுங்கள். இப்போது கத்தரியும் முண்டு மிளகாயும் இருக்கிறது, தக்காளிக்கும் காலிபிளவருக்கும் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். தைப் பட்டத்து வெண்டை, வெள்ளரி, பூசணி விதைக்கு மார்கழி கடைசியில் சொல்லி வைத்தால் போதும்.